நான்கு புள்ளி எழுத்து

பெண்டில் ஹில் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
சலூனுக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவில்
பதினோரு வருஷமாக அச்சடிக்கிறேன்.
பூப்புனித நீராட்டு அழைப்பிதழ், அந்தியேட்டி மலர்,
அறை வாடகைக்கு உண்டு.
என்ன எழுதித் தந்தாலும் அடிப்பேன்.
ரகர றகரம் பிழைத்தால் மட்டும் சண்டைக்குப் போவேன்.

குகப்பிரியன் கார் டிக்கியிலிருந்து
ஒரு போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.
உள்ளே பழுப்புத் தூள்.
"பச்சையில செய்யுங்கோ அண்ணை, பச்சையைத்தான் சனம் நம்பும்."
பச்சையில் செய்தேன்.
முப்பதே நாளில் சீனி வருத்தம் வேரோடு போகுமாம்.
'வேரோடு' என்பதைத் தடித்த எழுத்தாக்கியது நான்தான்,
அவன் கேட்கவில்லை.
மூட்டுவலி, தைரொயிட், தூக்கமின்மை, பிள்ளையில்லாக் குறை;
இன்னும் ஒரு வரிக்கு இடம் கிடந்தது.
தலையைச் சொறிந்துவிட்டு
"ஞாபகமறதியையும் போடுங்கோ" என்றான்.
பக்கவிளைவு?
"இல்லையெண்டு போடுங்கோ."

வெள்ளைக் கோட்டு டொக்டரை
இணையத்தில் ஆறு டொலருக்கு வாங்கினேன்.
அதே மனிதர் வேறொரு பெட்டியில்
பற்பசைக்கும் சிரித்துக்கொண்டிருந்தார்.
'எனக்கு இப்போது ஊசியே தேவையில்லை'
என்று சாட்சி சொன்ன மெல்பேர்ன் கமலவேணி
என் விசைப்பலகையில் பிறந்தவள்,
ஒரு செவ்வாய்க்கிழமை, தேத்தண்ணி ஆற முன்னம்.

மருந்தென்றால் இந்த நாட்டில் ஒரு பதிவெண் வேண்டும்.
"ஆறு இலக்கம். எதையாவது போடுங்கோ."
எங்கள் தபால் குறியீடு, இரண்டு ஒன்று நான்கு ஐந்து.
அதன் பின்னால் மகள் பிறந்த பதினேழு.
முகவரி கேட்டேன்.
கைபேசி எண் காணும் என்றான்.

அடியில் ஒரு நட்சத்திரம் வைத்தேன்.
நட்சத்திரத்துக்குக் கீழே, நான்கு புள்ளி அளவில்,
கடும் பச்சையின் மேல் இளம்பச்சையில்:
'இது எந்த நோயையும் குணமாக்கும் என்று
நாம் உறுதி கூறவில்லை.'
கண்ணாடி போட்டவனுக்கும் தெரியாது.
என் கைக்குள் வந்த வேலைகளில் வடிவான வேலை.
இரண்டாயிரம் லேபல். காசாகத் தந்தான்.

*

மரியநேசனுக்கு ஈஸ்டர்ன் கிரீக் கிட்டங்கியில் இரவு வேலை.
சனிக்கிழமைகளில் எங்களோடு முந்நூற்றிநாலு விளையாடுவான்,
தோற்றால் பெட்டிக்குப் பதிலாக
கோழிப் புரியாணி வாங்கித் தருவான்.
மூன்று சனி வரவில்லை.
நாலாம் சனி ஜெசிந்தா அழைத்தாள்,
வெஸ்ட்மீட்டிலிருந்து.

வாந்தி. இழுத்து இழுத்து மூச்சு.
அந்த மூச்சில் அளிந்த வாழைப்பழ மணம்.
இன்சுலினை விட்டுப் பத்தொன்பது நாளாம்.
தொண்ணூறு டொலர் போத்தல் நாலு,
மூன்று வாங்கினால் ஒன்று சும்மா.
"ஏனப்பா ஊசியை விட்டனீங்கள் எண்டு கேட்டன்.
கமலவேணி எண்ட மனிசிக்குச் சுகம் வந்ததாம்,
மெல்பேர்னில இருக்கிறாவாம்."
ஜெசிந்தா என்னிடம்தான் சொன்னாள்.
நான் சுவரில் கைகழுவும் முறை விளக்கிய படத்தை
முழுவதுமாக வாசித்தேன்.

தாதி போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நகத்தால் லேபலின் ஓரத்தைக் கிளப்பப் பார்த்தார்.
வராது.
நல்ல பசை, நான் கூடக் காசு வாங்கின பசை.
இந்தக் குட்டி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது,
யாராவது சொல்ல முடியுமா?
ஜெசிந்தா கைப்பையில் கண்ணாடியைத் தேடினாள்.
அதற்குள் சொல்லிவிட்டேன், ஆங்கிலத்தில்,
ஒரு சொல் விடாமல்,
போத்தல் தாதியின் கையிலேயே இருந்தது.

ஜெசிந்தா தேடுவதை நிறுத்தினாள்.

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது: தயாரித்தவர்.
குகப்பிரியனின் எண்ணைக் கொடுத்தேன்.
தாதி அங்கேயே எடுத்துப் பார்த்தார்,
அந்த இலக்கம் பாவனையில் இல்லை.
பிறகு என் பெயரைச் சொன்னேன்,
கடையின் பெயரை, தெருவை, இலக்கத்தை.
பெண்டில் ஹில், கடைசியில் இரண்டு எல்.
அவர் ஆறுதலாக எழுதிக்கொண்டு வந்தார்.

தபால் குறியீடு? என்று கேட்டார்.

அது போத்தலிலேயே இருக்கிறது என்றேன்.